மெல்பர்ன் ஈ. டபிள்யூ. கோல்: எழுதிய வணிகரா, வணிகம் செய்த எழுத்தாளரா?

பச்சைமலை (கோபிசெட்டிபாளையம்) – கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டம் வெளியிடும் ஆண்டு மலருக்கு, நூல் விற்பனையால் பெயர் பெற்ற அயல்நாட்டார் ஒருவரைப் பற்றிக் கட்டுரை தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாடநூல், நோட்டு, பேனா ஆகியவற்றோடு இரண்டு அலமாரி இலக்கிய நூல்களையும் வைத்து விற்கிறவன் என்பதால் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ‘கோல்ஸ் புக் ஆர்கேட்’ என்ற புத்தக மாளிகையை நடத்தி, 1918-இல் காலமான எட்வர்ட் வில்லியம் கோல் என்பவரை நான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

அவரைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை அந்த மாளிகையின் வினோதங்களோடு நின்றுவிடுகின்றன. கண்ணாடிக் கூரை, பிரம்பு நாற்காலிகள், வாத்தியக் குழு, குரங்குக் கூண்டு, காசு போட்டால் தகர முட்டையிடும் இயந்திரக் கோழி, முகப்பில் தீட்டப்பட்ட பெரிய வானவில் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஆனால் அதே மனிதர் சமயங்களை ஒப்பிட்டு நூல் எழுதினார். சிறுவர்களுக்கு வேடிக்கைப் படப் புத்தகம் தொகுத்தார். தம் நாட்டு அரசின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்துத் துண்டு நூல்கள் வெளியிட்டார். எல்லாவற்றையும் தாமே பதிப்பித்துத் தம் கடையிலேயே விற்றார். இவரை எழுத்தாளர் வரிசையில் வைத்து எழுதுவதா, விளம்பரக் கலையில் தேர்ந்த வணிகராக மட்டும் காட்டுவதா என்பதில் எனக்குத் தெளிவு இல்லை.

மற்றொரு ஐயமும் உண்டு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கலாம், யாரும் வாங்கும்படி கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய கடையின் அறிவிப்பு. புத்தகத்தைக் கையில் எடுத்தவர் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதை அன்றாடம் பார்க்கும் எனக்கு, அப்படி ஒரு கடை எப்படி அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தது என்று விளங்கவில்லை. அது கொள்கையா, தந்திரமா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சிறுவாணி (கோவை)

நண்பருக்கு வணக்கம். நூலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் கோலைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறேன். உங்கள் முதல் ஐயத்துக்கான விடை, அவருடைய வாழ்க்கை நிகழ்ச்சிகள் நடந்த வரிசையிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. கடை வைத்த பிறகு எழுதத் தொடங்கியவர் அல்லர் அவர். எழுத்தில் இறங்கிய பிறகே கடைக்கு வந்தார்.

1832-இல் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உட்சர்ச் என்ற சிற்றூரில், ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். 1850-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்துக்கும், அங்கிருந்து 1852-இல் தங்க வேட்டை உச்சத்தில் இருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவுக்கும் கப்பல் ஏறினார். தங்கம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. சுரங்கத்தில் வெந்து களைத்தவர்களுக்கு எலுமிச்சைப் பானம் விற்றுப் பிழைத்தார். 1860-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பர்னல் என்ற ஒளிப்படக் கலைஞரோடு சிறு படகில் மர்ரே ஆற்றின் போக்கிலேயே பயணம் செய்து, ஆற்றங்கரைக் காட்சிகளை இரட்டைப் படங்களாக எடுத்து விற்றார். பின்னர் மெல்பர்னுக்குத் திரும்பி, தெருவில் இறைச்சிப் பை விற்றார். இதுவரை சொன்னதில் எழுத்தாளருக்கு உரிய அடையாளம் எதுவும் இல்லை. பிழைக்க வந்த ஊரில் கிடைத்த வேலையையெல்லாம் பார்த்த ஒருவரின் கதை இது.

திருப்பம் நிகழ்ந்த இடம் மெல்பர்ன் பொது நூலகம். 1856-இல் திறக்கப்பட்ட அந்த நூலகத்தை நிறுவுவதில் முன்னின்றவர் ரெட்மண்ட் பாரி என்ற நீதிபதி. பதினான்கு வயது நிரம்பிய எவரும், கைகள் சுத்தமாக இருந்தால், கட்டணமோ சிபாரிசோ இன்றி உள்ளே அமர்ந்து படிக்கலாம் என்பது அதன் விதி. சந்தா கட்டியவர்களுக்கும் கல்விமான்களுக்கும் மட்டுமே நூலகக் கதவுகள் திறந்த காலத்தில் இது பெரிய துணிவு. பை விற்ற கோல், ஓய்வு நேரத்தை அங்கே கழித்து, உலகச் சமயங்களைப் பற்றிய நூல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்தார். எல்லாச் சமயங்களும் அற்புதங்களைச் சொல்கின்றன என்பதும், எல்லாச் சமயங்களின் நல்லொழுக்கப் போதனைகளும் ஏறக்குறைய ஒன்றே என்பதும் அவர் அடைந்த முடிவு. அதை இயேசு, பவுல் ஆகியோரின் வரலாற்று இடத்தைப் பற்றிய நூலாக எழுதினார். அதைப் பதிப்பிக்க ஒருவரும் முன்வரவில்லை.

1865-இல் ஈஸ்டர்ன் மார்க்கெட்டில் பழைய புத்தகங்களை வைத்து விற்கத் தொடங்கினார். 1867-இல் தம் நூலைத் தம் செலவிலேயே, ‘எட்விக்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். தம் பெயரின் முதல் எழுத்துகளைக் கோத்து உண்டாக்கிய பெயர் அது. நூலை ஏற்காத உலகத்தில் நூலை விற்கும் இடத்தைத் தாமே அமைத்துக்கொண்டார் என்று இந்த வரிசையைப் படிக்கிறேன். 1873-இல் மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தய நாளில் பர்க் தெருவில் முதல் ஆர்கேடையும், 1883 ஜனவரியில் அதே தெருவில் அதைவிடப் பன்மடங்கு பெரிய மாளிகையையும் திறந்தார். அது பின்னர் லிட்டில் காலின்ஸ் தெருவைத் தாண்டிக் காலின்ஸ் தெரு வரை நீண்டது.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கும் வேர் அந்த நூலகம்தான் என்று கருதுகிறேன். ஒரு பை வியாபாரியை யாரும் விரட்டாமல் உட்காரவிட்ட இடத்தில் தமக்குக் கிடைத்ததைத் தம் கடைக்குள் அவர் திரும்பக் கட்டினார். நம் பக்கத்தில் இதே எண்ணம் வேறு வழியில் சட்டமாக வந்தது என்பதையும் மலரில் குறிப்பிடலாம். திருப்பூரில் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது, இந்தியாவில் முன்னோடியான பொது நூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. சொத்து வரியோடு சேர்த்து வாங்கப்படும் நூலக வரியால்தான் இன்றும் நம் கிளை நூலகங்கள் நடக்கின்றன. அரசு வரி வாங்கிச் செய்ததைக் கோல் தம் லாபத்திலிருந்து செய்தார்.

மண்டித்தெரு அச்சகம் (ஈரோடு)

சிறுவாணி ஐயாவின் பதிவைப் படித்தேன். வரலாற்றுத் தகவல்களில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அச்சுத் தொழிலில் இருப்பவனின் கண்ணோடு பார்த்தால், கோல் எழுதிய பக்கங்களைக் காட்டிலும் அவர் போட்ட கணக்கு மேலானது.

அவருக்குப் பெரும் புகழும் பணமும் தந்தது 1879 கிறிஸ்துமஸ் காலத்தில் வெளிவந்த வேடிக்கைப் படப் புத்தகம். ஆஸ்திரேலியாவில் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள். ஆனால் அது பெருமளவுக்குக் கத்தரியும் பசையும் கொண்டு செய்யப்பட்ட நூல். பிற இடங்களில் வந்த படங்கள், சிறுவர் பாடல்கள், விடுகதைகள், புதிர்கள் ஆகியவற்றைச் சேர்த்து, இடையிடையே தம் ஆர்கேடின் விளம்பரங்களையும் புகுத்தி, வானவில் போட்ட அட்டையில் கட்டி விற்றார். முரட்டுப் பையன்களைப் பள்ளியில் அடிப்பதற்கென்று நையாண்டியாக வரையப்பட்ட சாட்டை இயந்திரப் படம் அதில் மிகவும் பேர்போனது. வாங்குகிறவர் காசு கொடுத்து விளம்பரத்தையும் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அடுத்த விடுமுறையில் கோழி முட்டையிடுவதைப் பார்க்க வேண்டும் என்று பெற்றோரை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். விளம்பரத்துக்குச் செலவு செய்வதற்குப் பதிலாக அதையே சரக்காக்கி விற்ற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகிறேன். அதை இலக்கியம் என்று சொல்லமாட்டேன்.

இலவசமாகப் படிக்கவிட்டதைப் பற்றிக் கோபி நண்பர் வியப்படைய வேண்டியதில்லை. எங்கள் ஊர் மண்டியில் மஞ்சள் வாங்க வருகிறவர் விரலியை உடைத்து உள்நிறத்தைப் பார்த்த பிறகே விலை சொல்வார். உடைத்த விரலிக்கு யாரும் காசு கேட்பதில்லை. மேலும் கோலின் சரக்கில் பெரும்பகுதி பழைய புத்தகங்கள். பத்துப் பேர் புரட்டியதால் அவற்றின் விலை குறைந்துவிடாது. புதுப் பாடநூலைப் பத்துப் பேர் புரட்டினால் பதினோராவது ஆள் வேறு பிரதி கேட்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். அந்த மாளிகை பெயரளவில்தான் புத்தகக் கடை. பொம்மை, பீங்கான், வாசனைத் திரவியம், மிட்டாய், எழுதுபொருள், இசைக்கருவி ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன; தேநீர் அறையும் ஒளிப்பட நிலையமும் இருந்தன. இருபது இலட்சம் நூல்கள் இருப்பதாக அவர் விளம்பரம் செய்தார். அவற்றைப் பார்க்க வந்தவர்கள் வெறுங்கையோடு போனாலும் பிள்ளைக்கு ஒரு பொம்மையாவது வாங்கியிருப்பார்கள். கூட்டம் மிகுந்த வேளைகளில் மூன்று பென்னி பெற்றுக்கொண்டு ஓர் உலோக வில்லையைக் கொடுத்து உள்ளே விட்டதும், பொருள் வாங்கினால் அந்த வில்லையை விலையில் கழித்துக்கொண்டதும் அவருடைய வழக்கம். அந்த வில்லைகளில் உலகம் முழுவதும் ஒரே நாடாக வேண்டும் என்பது போன்ற வாசகங்களைப் பொறித்தார். கொள்கையும் வசூலும் ஒரே வில்லையின் இரண்டு பக்கமாக இருந்தன என்பதே என் முடிவு.

எழுதவும் வணிகம் செய்யவும் பதிப்பிக்கவும் தெரிந்த ஒருவரை ஒப்பிட வேண்டுமானால், நம் ஊரிலேயே பெரியார் இருக்கிறார். மண்டி வணிகத்தில் முன்னணியில் இருந்தவர். 1925 மே 2 அன்று ஈரோட்டிலிருந்து ‘குடி அரசு’ இதழைத் தொடங்கியவர். சிறு நூல்களை மலிவு விலையில் அச்சிட்டு ஊர் ஊராக விற்றவர். கோலைப் போலவே சமய நூல்களைக் கேள்வி கேட்டவர். தற்செயலாக, கோலின் படப் புத்தகம் வெளிவந்த 1879-இல்தான் அவர் பிறந்தார். ஆனால் பெரியார் வணிகத்தை விட்டுவிட்டுக் கருத்துக்காக வெளியே வந்தார். கோல் இறுதி வரை கல்லாவை விட்டு எழவில்லை.

சிவன்மலை (மெல்பர்ன்)

வணக்கம். காங்கேயம் என் சொந்த ஊர். இப்போது மெல்பர்னில் வசிக்கிறேன். ஈரோட்டு அண்ணா வணிகக் கணக்கை அழகாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒரு பகுதி கோலிடம் உண்டு என்பதால் எழுதுகிறேன்.

1901-இல் ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒரே கூட்டாட்சியாக இணைந்தவுடன், புதிய நாடாளுமன்றம் இயற்றிய முதல் முக்கியச் சட்டங்களுள் ஒன்று குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம். ‘வெள்ளை ஆஸ்திரேலியா’ என்று பேர் பெற்ற கொள்கையின் அடித்தளம் அது. சட்ட வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. வருகிறவர் ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்கள் கொண்ட பத்தியை, அதிகாரி படிக்கப் படிக்க எழுத வேண்டும் என்று மட்டும் இருந்தது. எந்த மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்வார். ஆங்கிலம் நன்கு அறிந்த ஆசியர் ஒருவரைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால், அவருக்குத் தெரியாத வேறோர் ஐரோப்பிய மொழியில் தேர்வு வைத்தால் போதும். இந்தியர்கள் பிரிட்டிஷ் பேரரசின் குடிமக்களாக இருந்தும் இந்தத் தேர்விலிருந்து தப்பவில்லை.

அந்தக் கொள்கையைத் தொழிற்சங்கங்கள் ஆதரித்தன, பெரும்பாலான பத்திரிகைகள் ஆதரித்தன, எதிரெதிர் அணியில் நின்ற கட்சிகளும் ஆதரித்தன. அந்தச் சூழ்நிலையில் கோல், வெள்ளை ஆஸ்திரேலியா என்பது நடக்காத காரியம் என்று துண்டு நூல்கள் வெளியிட்டார். அவற்றுள் முக்கியமானது 1903-இல் வந்தது. தோலின் நிறம் தட்பவெப்பத்தால் விளைந்தது. ஆகவே நிறத்தைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிப்பதற்கு அடிப்படை இல்லை. மனிதகுலம் முழுவதும் ஒரே குடும்பம். ஆசியாவின் பெரும் நாகரிகங்களுக்கு அருகில் கிடக்கும் கண்டம் அவற்றிடமிருந்து நெடுங்காலம் கதவடைத்துக்கொண்டிருக்க முடியாது என்பன அவருடைய வாதங்கள். அதே காலகட்டத்தில் குடும்பத்தோடு ஜப்பானுக்கும் சென்று வந்தார். அன்றைய மெல்பர்னில் ஆசியரைப் பற்றி மரியாதையோடு எழுதுவதால் ஒரு கடைக்கு வாடிக்கையாளர் கூடியிருக்க வாய்ப்பில்லை. குறைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். வசூலுக்காக மட்டும் எழுதுகிறவராக இருந்திருந்தால் அவருக்கு வேடிக்கைப் புத்தகமே போதுமானதாக இருந்திருக்கும்.

உலகம் முழுவதும் ஒரே கூட்டாட்சி ஆகும் என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. அதைப் பற்றிக் கட்டுரைப் போட்டி நடத்தி, வந்த கட்டுரைகளை நூலாகவும் வெளியிட்டார். அந்த நம்பிக்கையைச் சிறுபிள்ளைத்தனம் என்று கேலி செய்வது எளிது. அவர் எதிர்த்த கொள்கை 1966-இல் தளர்ந்து 1973-இல்தான் முற்றிலும் கைவிடப்பட்டது என்பதையும், இன்று இந்த நகரத்தின் ரயில் பெட்டிகளில் என் காதில் தமிழ் விழுவதையும் எண்ணும்போது எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை.

இதற்காக அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். இதே மனிதர்தான் 1873-இல், நியூ கினித் தீவின் உட்பகுதியில் வாலுள்ள மனித இனம் கண்டுபிடிக்கப்பட்டதாக ஒரு கதையைச் சிறு நூலாக அச்சிட்டு விற்றார். கூட்டம் சேர்க்கப் பயணக் குறிப்பு போலப் புனைந்த சரக்கு அது. பிற்காலத்தில் நிற வேற்றுமையை எதிர்த்தவரின் கையிலிருந்து இப்படி ஒன்றும் வந்தது என்பதைக் கோபி அண்ணா தம் கட்டுரையில் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஆழியாறு (பொள்ளாச்சி)

அருமையான உரையாடல். ஒரு சிறு சேர்க்கை மட்டும். கோலின் குணத்தைச் சுருக்கமாகக் காட்ட வேண்டுமானால் அவருடைய திருமணத்தைச் சொன்னால் போதும். 1875 ஜூலையில் மெல்பர்ன் ‘ஹெரால்டு’ நாளிதழில் தமக்கு மனைவி தேவை என்று அவர் விளம்பரம் கொடுத்தார். நேர்மை, நிதானம், அறிவு, தூய்மை என்று தாம் எதிர்பார்க்கும் பண்புகளைப் பட்டியலிட்டு, தக்க பெண்ணைத் தேடித் தருவோருக்கு இருபது பவுன் பரிசும் அறிவித்தார். ஊரே சிரித்தது. ஹோபார்ட்டைச் சேர்ந்த எலிசா ஜோர்டன் அந்த விளம்பரத்தைக் கண்டு தொடர்பு கொண்டார். அடுத்த மாதமே திருமணம் நடந்தது. குலம், கூட்டம், பொருத்தம் எதையும் விசாரிக்காமல் அமைந்த அந்த இல்லறம், 1911-இல் எலிசா மறையும் வரை நல்லபடியாகவே நீடித்தது. குடும்பம் பல ஆண்டுகள் அந்த ஆர்கேடின் மேல்மாடியிலேயே வாழ்ந்தது.

ஈரோட்டு நண்பர் பெரியாரை ஒப்பிட்டிருக்கிறார். எனக்கு ஜி. டி. நாயுடு நினைவுக்கு வருகிறார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தை ஓட்டித் தொடங்கி, பின்னர் சவர இயந்திரம் முதல் வேளாண் சோதனை வரை கைவைத்தவர். வியப்பூட்டும் பொருள்களைச் சேர்த்து மக்கள் பார்வைக்கு வைத்து, பார்ப்பதன் மூலமே மக்களுக்கு அறிவு வரும் என்று நம்பியதில் இருவரும் ஒத்த மனம் கொண்டவர்கள்.

பச்சைமலை (கோபிசெட்டிபாளையம்)

பதில் எழுதிய ஐயா, அண்ணன்மார், சகோதரி அனைவருக்கும் நன்றி. ஈரோட்டு அண்ணாவின் கணக்கும் மெல்பர்ன் சகோதரியின் மறுப்பும் சேர்ந்து என் கட்டுரைக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்துவிட்டன. வேடிக்கைப் படப் புத்தகத்தையும் 1903-ஆம் ஆண்டுத் துண்டு நூலையும் அடுத்தடுத்து வைத்து எழுதப் போகிறேன். முதலாவது கடைக்காக எழுதப்பட்டது என்றும், இரண்டாவதை எழுதும் துணிவைக் கடையின் வருமானம் கொடுத்தது என்றும் எனக்குப் படுகிறது. பிறர் தயவில் இருக்கும் எழுத்தாளர் எவரும் அந்தத் துண்டு நூலுக்குப் பதிப்பாளர் தேடி அலைந்திருப்பார். கோலுக்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கவலை தீர்ந்திருந்தது.

இன்னும் இரண்டு கேள்விகள். 1893-இல் மெல்பர்ன் வங்கிகள் வரிசையாகக் கதவடைத்தன என்று படித்தேன். அந்த நெருக்கடியைக் கோல் எப்படிக் கடந்தார்? அவருக்குப் பிறகு ஆர்கேட் என்ன ஆயிற்று? இன்று ஆஸ்திரேலியா முழுவதும் இருக்கும் ‘கோல்ஸ்’ பல்பொருள் அங்காடி அவருடைய வாரிசுகளுடையதா?

சிறுவாணி (கோவை)

முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். நில விலை ஏற்றத்தை நம்பிக் கடன் வாங்கிக் கட்டியவர்களே அந்தச் சரிவில் பெரிதும் விழுந்தார்கள். கோலின் சரக்கோ சில பென்னிகளிலும் ஷில்லிங்குகளிலும் விற்பது. வேலை இழந்த நகரத்தில் காசில்லாமல் பொழுது போக்குவதற்கு அவருடைய மாளிகையைப் போன்ற இடம் வேறு இல்லை. ஆர்கேட் காலின்ஸ் தெருவை எட்டியதும், பக்கத்தில் உள்ள ஹோவி பிளேஸ் என்ற சந்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டதும் அந்தச் சரிவுக்குப் பிந்திய ஆண்டுகளிலேயே நடந்தன.

கட்டுரையில் இடம் இருந்தால், கோலுக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரோலண்ட்சனையும் ஒரு பத்தியில் குறிப்பிடுங்கள். சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் புக்ஸ்டால் நிறுவனத்தில் பயணச்சீட்டு விற்கும் பையனாகச் சேர்ந்து, 1897-இல் அந்த நிறுவனத்தையே விலைக்கு வாங்கியவர் அவர். ஆஸ்திரேலிய எழுத்தாளர்களின் நாவல்களை ஒரு ஷில்லிங் விலையில், வண்ண அட்டையோடு பதிப்பித்து, ரயில் நிலையக் கடைகளில் குவித்தார். நம் ஈரோடு சந்திப்பிலும் கோவை நிலையத்திலும் ஹிக்கின்பாதம்ஸ் கடை முன் நின்று புத்தகம் புரட்டிய தலைமுறைக்கு அந்த வணிக முறை உடனே விளங்கும். ரோலண்ட்சன் பிறரை எழுத வைத்தார். கோல் பெரும்பாலும் தாமே எழுதினார், தாமே தொகுத்தார். உள்நாட்டு எழுத்தாளர்களுக்கு வருமானம் ஏற்படுத்திக் கொடுத்தவர் யார் என்று கேட்டால், ரோலண்ட்சனுக்கே என் வாக்கு.

சிவன்மலை (மெல்பர்ன்)

இரண்டாவது கேள்விக்கு விடை: உறவு எதுவும் இல்லை. இன்றைய பல்பொருள் அங்காடியைத் தொடங்கியவர் ஜார்ஜ் ஜேம்ஸ் கோல்ஸ். அவருடைய முதல் கடை 1914-இல் காலிங்வுட் பகுதியில் திறக்கப்பட்டது. குழப்பத்துக்குக் காரணம் பெயர் ஒற்றுமை மட்டும் இல்லை. புத்தகக் கோல் 1918 டிசம்பரில் எசென்டன் வீட்டில் காலமான பின், ஆர்கேடை அறங்காவலர்கள் நடத்தினார்கள். 1929-இல் அது மூடப்பட்டது. பர்க் தெருவில் அந்த ஆர்கேட் நின்ற மனையில் எழுந்தது ஜி. ஜே. கோல்ஸ் நிறுவனத்தின் பெரிய கடை. இதனால் இந்த ஊர்க்காரர்களிலேயே பலர் இருவரையும் ஒரே குடும்பம் என்று நினைக்கிறார்கள்.

ஆர்கேடின் வாசலில் கைப்பிடி சுழற்றிக்கொண்டிருந்த குட்டி மனிதப் பொம்மைகள் மெல்பர்ன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பத்திரமாக இருக்கின்றன. ஹோவி பிளேஸ் சந்துக்கு மேலே இன்றும் கூரை இருக்கிறது. மலருக்குப் படம் வேண்டுமானால் சொல்லுங்கள்; எடுத்து அனுப்புகிறேன். ஆஸ்திரேலியத் தேசிய நூலகம் நடத்தும் ‘ட்ரோவ்’ இணையத்தளத்தில் பழைய நாளிதழ்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். அவருடைய திருமண விளம்பரத்தைத் தேடும்போது 1875 ஜூலை மாதத்து ‘ஹெரால்டு’ என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆர்கேடின் புத்தக விளம்பரங்களே ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும்.